அயனியாக்கப்பட்ட ஹைட்ரஜன் பகுதிகள்: ஆய்வு வரலாறு

சூடான இளம் விண்மீன்களின் புற ஊதா ஒளி பட்டு, எலக்ட்ரானை இழந்து ஒளிரும் ஹைட்ரஜன் வாயுத் திரள்கள் உண்டு. வானியலாளர்கள் இவற்றை ‘ஹெச் இரண்டு’ பகுதிகள் என்பர். அயனியாகாத வாயு ‘ஹெச் ஒன்று’. ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் தேவை. 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளிக்கே அந்த ஆற்றல் உண்டு. அவ்வொளியை அள்ளி வீசும் ஓ வகை விண்மீன்கள் ஒரு கோடி ஆண்டு வாழ்வதே அரிது. ஆகவே இத்தகைய பகுதி எங்கு தென்பட்டாலும், அங்கே அண்மையில்தான் விண்மீன்கள் பிறந்திருக்கின்றன. இந்த எளிய தர்க்கத்தின் மீதுதான் இத்துறை முழுவதும் நிற்கிறது.

இத்தகைய பகுதிகளில் ஒன்றான ஓரியன் நெபுலாவைத் தொலைநோக்கியில் முதலில் கண்டவராகப் பிரான்சின் பெய்ரெஸ்க் (1610) குறிப்பிடப்படுகிறார். ஹைகன்ஸ் 1659-ல் அதன் படத்தை வெளியிட்டார். மெசியேயின் பட்டியலில் அது 42-ஆம் எண். 1784-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்ட என்ஜிசி 604 என்ற மற்றொரு பகுதி, மெசியே 33 என்ற வேறொரு விண்மீன் மண்டலத்துக்குள் இருப்பது; அப்படி வேறு மண்டலங்கள் உண்டென்பதே அன்று உறுதியாகவில்லை.

1864-ல் லண்டனில் தம் சொந்த ஆய்வகத்தில் வில்லியம் ஹக்கின்ஸ் நெபுலா ஒன்றின் நிறமாலையைப் பார்த்தார். விண்மீன்களின் தொடர் நிறமாலைக்கு மாறாகச் சில பிரகாசமான கோடுகளே தெரிந்தன; அதன் பொருள், அது வாயு. ஓரியனும் அவ்வாறே என்று விரைவில் தெரிந்தது. ஆனால் 500.7, 495.9 நானோமீட்டரில் இருந்த பச்சைக் கோடுகள் தெரிந்த தனிமம் எதற்கும் பொருந்தவில்லை. ‘நெபுலியம்’ என்ற புதிய தனிமம் கற்பிக்கப்பட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலவியது. தனிம அட்டவணையில் இடம் நிரம்பிக்கொண்டே வந்தபோதும் அது கைவிடப்படவில்லை என்பது வியப்புத்தான். 1927-ல் கலிபோர்னியாவின் ஐரா போவன் விடை சொன்னார்: இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன். சாதாரண அடர்த்தியில் மோதல்களே அணுவின் ஆற்றலைப் பறித்துவிடும். நெபுலாவின் வாயு அவ்வளவு மெலிதாயிருப்பதால் ‘விலக்கப்பட்ட’ கோடுகள் வெளிப்பட அவகாசம் கிடைக்கிறது.

நெபுலாவை ஒளிர வைப்பது அருகிலுள்ள விண்மீனே என்று எட்வின் ஹபிள் 1922-ல் காட்டியிருந்தார். ஹெர்மன் சான்ஸ்ட்ரா 1927-ல் அதைக் கணக்காக்கினார். அயனியான ஒவ்வொரு அணுவும் மீண்டும் எலக்ட்ரானைப் பிடிக்கையில் (மறுசேர்க்கை) பால்மர் கோடுகள் எனப்படும் ஒளி பிறப்பதால், கண்ணுக்குத் தெரியும் அவ்வொளியை எண்ணித் தெரியாத புற ஊதாவை மதிப்பிடலாம். இன்றைய கணக்குப்படி, ஏறக்குறைய இரண்டு மறுசேர்க்கைக்கு ஒன்று 656.3 நானோமீட்டர் சிவப்புக் கோட்டை, அதாவது ஹைட்ரஜன்-ஆல்ஃபாவைத் தருகிறது.

அடுத்த பெரும் அடியை வைத்தவர் டென்மார்க்கின் பெங்ட் ஸ்ட்ரோம்கிரன். 1937-38-ல் டெக்சாஸின் மெக்டொனால்ட் ஆய்வகத்தில் ஸ்ட்ரூவும் எல்வியும் சிக்னஸ், செஃபியஸ் திசைகளில் பரந்த, மங்கலான ஹைட்ரஜன் ஒளியைக் கண்டனர். அதை விளக்க, 1920-ல் மேகநாத் சாஹா தந்த அயனியாக்கச் சமன்பாட்டை விண்மீனிடை வெளியின் மெலிந்த கதிர்வீச்சுக்கு ஏற்ப மாற்றினார் ஸ்ட்ரோம்கிரன். 1939-ல் கிடைத்த முடிவு எதிர்பாராதது: அயனியாக்கம் சிறிது சிறிதாகக் குறைவதில்லை, ஓர் எல்லையில் சட்டென்று முடிகிறது. கன சென்டிமீட்டருக்கு ஓர் அணு என்ற அடர்த்தியில் ஓ5 விண்மீனைச் சூழ்ந்த அயனியான கோளம் நானூறு ஒளியாண்டுக்கும் மேல் ஆரம் கொள்ளும். ஏ0 விண்மீனுக்கு அது இரண்டு ஒளியாண்டுகூட இல்லை.

வால்டர் பாடே ஆன்ட்ரோமெடாவின் சுருள்கரங்களில் இப்பகுதிகள் நூலில் கோத்த மணிகளாக வரிசையாயிருப்பதைக் கண்டபோது, நமது பால்வெளியிலும் இவற்றைத் தேடும் எண்ணம் வலுத்தது. யெர்க்ஸ் ஆய்வகத்தின் மார்கன், ஷார்ப்லெஸ், ஆஸ்டர்பிராக் மூவரும் வானை அகன்ற கோணத்தில் படமெடுத்து, நெபுலாக்களை ஒளியூட்டும் விண்மீன்களின் தொலைவைக் கணித்தனர். 1951 டிசம்பரில் கிளீவ்லாந்தில் இவ்வாறு கிடைத்த பால்வெளிச் சுருள்கரங்களின் மாதிரியை மார்கன் காட்டியதும் அவையினர் கைதட்டியதோடு தரையையும் காலால் உதைத்து ஆரவாரித்தனர். வெளியானது சிறு சுருக்கம்தான். சில மாதங்களில் 21 சென்டிமீட்டர் ரேடியோ வரைபடங்கள் வந்து இம்முயற்சியை மறைத்துவிட்டன; முன்னுரிமை இவர்களுக்கே உரியது. ஷார்ப்லெஸின் 1959 பட்டியலில் 313 பகுதிகள் உள்ளன. தென்வானின் பகுதிகளைக் கம் என்ற வானியலாளர் 1955-ல் பட்டியலிட்டார்.

தூசு மறைக்கும் தொலைவுகளுக்கு ரேடியோவே வழி. நிகோலாய் கர்தஷேவ் 1959-ல் முன்னறிவித்த ரேடியோ மறுசேர்க்கைக் கோடுகளை 1964-ல் சோவியத் குழுக்கள் கண்டன. 1965-ல் ஹோக்லுண்டும் மெட்ஸ்கரும் கிரீன் பேங்கில் 109-ஆம் ஆல்ஃபா கோட்டை அளந்தனர். ஒளியியல், ரேடியோ தரவுகளை இணைத்து ஜார்ஜெலன் தம்பதியர் 1976-ல் வரைந்த நான்கு கரப் பால்வெளி இன்றும் விவாதத்தின் தொடக்கப் புள்ளி.

வேதியியலில் கிடைத்த பலன் இன்னும் பெரிது. மெசியே 33-ல் மையத்திலிருந்து விலகும்போது கோடுகளின் விகிதம் மாறுவதை ஆலர் 1942-ல் கவனித்தார். வெளிப்புறம் செல்லச் செல்ல ஆக்சிஜன் குறைகிறது என்று சேர்ல் 1971-ல் அதற்குப் பொருள் கண்டார். மறு ஆண்டு அவரும் சார்ஜென்ட்டும் ஸ்விக்கி பட்டியலின் இரண்டு குறு மண்டலங்களை ஆராய்ந்தனர். ஒன்றில் ஆக்சிஜன் சூரியனுடையதில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. ஆனாலும் ஹீலியம் குறையவில்லை. பெருவெடிப்பிலேயே நிறையில் நான்கில் ஒரு பங்கு ஹீலியம் உருவாயிற்று என்பதற்கு அது வலுவான சான்று.

பெரிய மெகல்லன் மேகத்தின் டொராடஸ் 30, சுமார் 1.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள மாபெரும் பகுதி. அதன் நடுவிலுள்ள ஆர் 136 சூரியனைப் போல 2,000 மடங்குக்கும் மேல் நிறையுள்ள தனி விண்மீன் என்று 1980-களின் தொடக்கத்தில் வாதிடப்பட்டது. 1985-ல் வைகெல்ட்டும் பையரும் அதைப் பல விண்மீன்களாகப் பிரித்துக் காட்டினர். ஹைட்ரஜன்-ஆல்ஃபாவைக் கொண்டு மண்டலங்களின் விண்மீன் பிறப்பு வீதத்தைக் கணிப்பதை 1983 முதல் கென்னிகட் பரவலாக்கினார். இன்று சிலியின் ‘மியூஸ்’ கருவி 19 மண்டலங்களில் 20,000-க்கும் மேற்பட்ட பகுதிகளைத் தனித்தனியே அளந்துள்ளது.

ஒரு பழைய கணக்கு மட்டும் நேராகவில்லை. மறுசேர்க்கைக் கோடுகளால் கிட்டும் ஆக்சிஜன் அளவு, விலக்கப்பட்ட கோடுகள் தருவதைவிடச் சுமார் இருமடங்கு. வெப்பநிலை இடத்துக்கு இடம் மாறுவதே காரணமாகலாம் என்று மெக்சிகோவின் பெய்ம்பெர்ட் 1967-லேயே வாதிட்டார். 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, மிகுதியாக அயனியான உள்வாயுவில் அத்தகைய ஏற்றத்தாழ்வு உண்டு என்று காட்டியது. அது நிலைபெற்றால், தொலைதூர மண்டலங்கள் பலவற்றுக்கு இதுவரை எழுதிவைத்த ஆக்சிஜன் அளவுகளை உயர்த்தித் திருத்த வேண்டியிருக்கும்.