வீட்டுக் கணினியும் தொலைச் சேவையகமும்: கோப்புப் பரிமாற்ற நெறிமுறைகளின் அனுமானங்கள்

1. ஆய்வுப் பொருள்

வீட்டுக் கணினியிலிருந்து வாடகைச் சர்வருக்குக் கோப்பு அனுப்புவோர் வழக்கமாகக் குறைபடுவது வேகத்தைப் பற்றித்தான். அது கணக்கில் அடங்கும் சிக்கல். பதிவேற்ற வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால், 40 ஜிபி போய்ச்சேர 32,000 நொடி, ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் ஆகும். காத்திருந்தால் தீர்ந்துவிடும். காத்திருந்தும் தீராத சிக்கல்களே இங்கு ஆராயப்படுகின்றன. ஒவ்வொரு நெறிமுறையும் மறுமுனையைப் பற்றி வாய்விட்டுச் சொல்லாமல் எடுத்துக்கொண்ட அனுமானங்களே அவற்றின் வேர் என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. எஃப்டிபி: சமமான இரு முனைகள்

2.1 இணைப்பு

கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர்களுள் ஒருவரான அபய் பூஷண், எம்ஐடியில் இருந்தபோது 1971 ஏப்ரலில் எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் முதல் வரைவை எழுதினார். இன்றும் அடிப்படையாக இருப்பது 1985இல் வந்த ஆர்எஃப்சி 959 என்ற ஆவணம். அதன்படி கட்டளைகள் 21ஆம் போர்ட்டில் ஓடும். கோப்புக்குத் தனி இணைப்பு. அந்த இரண்டாவது இணைப்பைத் தொடங்குவது சர்வர். 'என் முகவரி இது, இந்தப் போர்ட்டுக்கு வா' என்று பயனர் கணினி சொல்ல, சர்வர் தேடி வரும்.

வலைப்பின்னலில் இருக்கும் எந்தக் கணினியையும் எந்தக் கணினியும் நேரே எட்டலாம் என்பது இதற்குள் இருக்கும் அனுமானம். பல்கலைக்கழகக் கணினிகளுக்கு அது பொருந்தியது. வீட்டு ரூட்டருக்குப் பின்னால் 192.168 என்று தொடங்கும் முகவரியோடு இருக்கும் கணினிக்கு அது பொருந்தாது. அந்த முகவரி வீட்டு வாசலைத் தாண்டினால் செல்லாது. கடவுச்சொல் ஏற்கப்பட்டு உள்ளே நுழைந்த பிறகும் கோப்புப் பட்டியல் வராமல் திரை உறைந்து நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இரண்டு இணைப்புகளையும் பயனர் கணினியே தொடங்கும் 'பேசிவ்' முறை 959இலேயே இருந்தது. பயனர் மென்பொருள்கள் அதையே கையாள வேண்டும் என்று ஸ்டீவன் பெல்லோவின் 1994இல் ஆர்எஃப்சி 1579 எழுத வேண்டியிருந்தது.

2.2 உரையும் பைட்டும்

அக்காலக் கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் விதத்திலேயே வேறுபட்டன. எனவே எஃப்டிபி, வருவதை உரை என்று கொண்டு வரி முடிவுகளை மாற்றித் தருவதை இயல்பாக வைத்தது. படமோ ஜிப்போ அந்த முறையில் போனால், வரி முடிவைக் குறிக்கும் 0ஏ என்ற பைட் வரும் இடத்திலெல்லாம் முன்னால் 0டி சேரக்கூடும். கோப்பு போய்ச்சேரும், திறக்காது. இந்தச் சேதம் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குப் பிஎன்ஜி பட வடிவமே சான்று. அதன் முதல் எட்டு பைட்டுகளில் 0டி 0ஏ என்ற இணையும் தனியான 0ஏவும் வேண்டுமென்றே வைக்கப்பட்டுள்ளன. யாராவது வரி முடிவைத் தொட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு நெறிமுறையின் குறை இன்னொரு வடிவத்தின் தலைப்பிலேயே இப்படிப் பதிந்துபோவது அரிது.

3. எஸ்எஸ்ஹெச்: வழியின் மீது ஐயம்

எஃப்டிபியில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே போகும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திரட்டிய பின், அங்கிருந்த தாத்து யுலோனென் வழியில் போவதையெல்லாம் மறையாக்கும் எஸ்எஸ்ஹெச்சை 1995இல் எழுதினார். எஸ்எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற நெறிமுறை அதன் மேல் ஓடுவது; பெயர் ஒத்திருந்தாலும் எஃப்டிபியோடு உறவு கிடையாது. 22ஆம் போர்ட்டில் ஒரே இணைப்பு, தொடங்குவது வீட்டுக் கணினி. ரூட்டர் சிக்கல் சத்தமில்லாமல் மறைந்துவிட்டது. முதல்முறை சேரும்போது சர்வரின் கைரேகையைக் காட்டி 'நம்பலாமா' என்று கேட்கும். படிக்காமல் ஆம் என்று அடிப்பதே உலக வழக்கம். பாதுகாப்பின் பாதி அங்கேயே போய்விடுகிறது.

எஸ்எஸ்ஹெச் வழியே கோப்பைப் படியெடுக்கும் எஸ்சிபி கட்டளை பழைய அனுமானம் ஒன்றைச் சுமந்து வந்தது. தொலைவிலுள்ள கோப்பின் பெயரை அது அங்குள்ள ஷெல்லிடம் கொடுத்து விரித்துக்கொள்ளும். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் மேற்கோள் குறி போட வேண்டும். 2022 ஏப்ரலில் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.0, எஸ்சிபி கட்டளையை உள்ளுக்குள் எஸ்எஃப்டிபிக்கு மாற்றியது.

4. ஆர்சிங்க்: மறுமுனையிடம் ஏற்கெனவே இருப்பது

மேற்சொன்னவை அனைத்தும் மறுமுனையில் ஒன்றுமில்லை என்று கொள்பவை. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கராஸ் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க் அதைத் தலைகீழாக்கியது. பெறும் முனை தன் பழைய பிரதியைத் துண்டுகளாக்கி, துண்டுக்கு இரண்டு சரிபார்ப்பு எண்கள் அனுப்பும்: எளிதில் கணக்கிடக்கூடியது ஒன்று, வலுவானது ஒன்று. அனுப்பும் முனை தன் கோப்பில் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து எளிய எண்ணை ஒப்பிடும். பொருந்தினால் மட்டும் வலுவானதைப் பார்க்கும். பொருந்தாத பகுதிதான் வழியில் போகிறது. கோப்பின் நடுவே ஒரு வரி நுழைந்து மற்றதெல்லாம் தள்ளிப்போனாலும் கணக்கு பிசகாது. ஜிப் போன்ற சுருக்கிய கோப்புகளில் இந்தத் திறமை பெரிதாகப் பயன்படாது. உள்ளிருக்கும் கோப்பில் சிறு மாற்றம் வந்தாலும், சுருக்கிய வடிவில் அதற்குப் பின்னுள்ள பைட்டுகள் பெரும்பாலும் மாறிவிடும்.

ஆர்சிங்குக்கும் ஓர் அனுமானம் உண்டு. அளவும் மாற்ற நேரமும் ஒத்திருந்தால் கோப்பு மாறவில்லை என்றே அது இயல்பாக முடிவுகட்டும். கோப்பின் மாற்ற நேரத்தைக் காக்காமல் ஏற்றியவர் மறுநாளும் எல்லாக் கோப்புகளையும் சரிபார்க்கக் காத்திருப்பார்.

5. பெயர்

தமிழில் கோப்புக்குப் பெயரிடுவோருக்கு இன்னொரு வம்பு. 'கோயில்' என்ற சொல்லில் உள்ள ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று எனப் பிரித்து இரண்டாகவும் எழுதலாம். முதல் வகையில் பெயர் 18 பைட், இரண்டாவதில் 21. மேக் கணினிகளில் நெடுங்காலம் இருந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் சர்வருக்குப் பெயர் வெறும் பைட் வரிசை. எனவே விண்டோஸிலிருந்தும் அந்த முறைமையுள்ள மேக்கிலிருந்தும் ஏற்றினால் சர்வரில் இரண்டு 'கோயில்'கள் அருகருகே நிற்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆர்சிங்கில் 'ஐகான்வ்' என்ற தெரிவு இரண்டையும் ஒன்றாக்கும். ஆப்பிள் பல ஆண்டுகள் மேக்கோடு சேர்த்துத் தந்த 2.6.9 பதிப்பில் அது இல்லை, 3.0 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.