ஏரோஜெல்

ஜெல்லில் உள்ள நீர்மத்தை நீக்கி, அந்த இடத்தில் காற்றை நிரப்பிப் பெறும் திண்மப் பொருள் ஏரோஜெல். பெயரில்தான் ஜெல், தொட்டால் உலர்ந்திருக்கும். பருமனில் 90 விழுக்காட்டுக்கு மேல் காற்றுதான். இருண்ட பின்னணியில் நீலம் பாரித்துத் தெரிவதால் 'உறைந்த புகை' என்ற பட்டப்பெயரும் உண்டு.

ஜெல்லை வெறுமனே காயவைத்தால் வற்றல்போலச் சுருங்கிவிடும். ஆவியாகும் நீர்மத்தின் பரப்பு இழுவிசை துளைச் சுவர்களை உள்ளே இழுத்து நொறுக்குவதே காரணம். அமெரிக்க வேதியியலர் சாமுவேல் கிஸ்லர் இதற்கு ஒரு வழி கண்டார். நீர்மத்தை மாறுநிலை வெப்பநிலையும் அழுத்தமும் தாண்டச் சூடாக்கினால் நீர்மம், வாயு என்ற வேறுபாடே மறைந்துவிடும். பரப்பு இல்லை, எனவே இழுவிசையும் இல்லை. அந்த நிலையில் நீர், ஜெல்லின் சட்டகமான சிலிக்காவைக் கரைத்துவிடும் என்பதால், முதலில் நீருக்குப் பதில் ஆல்கஹாலை ஏற்றினார். 1931-இல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டார். முட்டை வெண்கருவிலிருந்துகூட ஏரோஜெல் செய்து பார்த்தவர் அவர்.

வெப்பத்தை இது தடுக்கும் விதம்தான் வியப்பு. காற்று மூலக்கூறு ஒன்று இன்னொன்றில் மோதுமுன் சராசரியாக ஏறத்தாழ 70 நானோமீட்டர் செல்லும். ஏரோஜெல்லின் துளைகளில் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை. மூலக்கூறுகள் வெப்பத்தைக் கைமாற்றுவதற்குள் சுவரில் முட்டிக்கொள்கின்றன. அசையாத காற்றின் வெப்பக்கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.026 வாட்; சிலிக்கா ஏரோஜெல்லுக்கு ஏறத்தாழ 0.015. காற்றால் ஆன பொருள் காற்றையே மிஞ்சுகிறது! அகச்சிவப்புக் கதிர்கள் மட்டும் ஓரளவு ஊடுருவும். கரித்தூள் கலந்து அதையும் குறைப்பார்கள்.

மான்சாண்டோ நிறுவனம் 'சாண்டோசெல்' என்ற பெயரில் இதை விற்றது. மலிவான சிலிக்காத் தூள் வந்ததும் நிறுத்திவிட்டது. 1960-களின் இறுதியில் பிரான்ஸின் லியோன் நகரில் வேதியியலர் டைக்னரின் குழு தயாரிப்பை எளிதாக்கியது. ஆனால் சூடான ஆல்கஹாலின் ஆபத்து தீரவில்லை. 1984-இல் சுவீடனின் ஷேபோ நகரில் மெத்தனால் என்ற ஆல்கஹால் கசிந்து ஏரோஜெல் ஆலையே வெடித்தது. 31 டிகிரி செல்சியஸிலேயே மாறுநிலை அடையும், தீப்பிடிக்காத கார்பன் டைஆக்சைடு பின்னர் அந்த இடத்தைப் பிடித்தது.

1997-இல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் ஊர்தியின் கருவிகளை இரவுக் குளிரிலிருந்து காத்தது ஏரோஜெல்தான். கட்டியாக இருந்தால் எளிதில் நொறுங்கும் என்பதால், இன்று இழைகளோடு சேர்த்துப் போர்வையாக்கி, ஆலைக் குழாய்களில் சுற்றுகிறார்கள். அதன் தூள் தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அதனால் கையுறை அணிந்து கையாள்வது நல்லது.