குளுக்கோமாவும் காரணத்தைத் தேடிய வரலாறும்

நோயின் காரணம் அறியப்பட்ட பின்னரே அதற்குரிய சிகிச்சை பிறக்குமென எண்ணுவது இயல்பு. குளுக்கோமா எனும் கண்நோயின் வரலாறோ இதற்கு மாறாகச் சென்றது. சிகிச்சை முந்திக்கொண்டது, காரணம் எண்பது ஆண்டுகள் பிந்தி வந்தது. இடைக்காலத்தில் பார்வையிழந்தோர் பலர்.

1851இல் ஹெல்ம்ஹோல்ற்ஸ் கண்ணின் உட்புறத்தை நோக்குங் கருவியை அமைத்தார். அதன்வழி நோக்கியோர், இந்நோயுற்ற கண்களிலே பார்வை நரம்பின் தலைப்பகுதி உருமாறியிருக்கக் கண்டனர். முதலில் அதனைப் புடைப்பென்றே கொண்டனர். குழிவு என்பது பின்னரே தெளிவாயிற்று. கருவி கிடைத்த மாத்திரத்தே உண்மையும் கிடைத்துவிடுவதில்லைப் போலும். கண்ணினுள் மிகும் அழுத்தமே இதற்குக் காரணமெனக் கருதிய பேர்லின் வைத்தியர் வொன் கிறேவே, கதிராளியில் ஒரு துண்டை வெட்டியகற்றும் சத்திரசிகிச்சையை 1857இல் அறிவித்தார். கடும் வலியோடு திடீரெனப் பார்வை மங்கியோர் பலர் அதனாற் பார்வை மீளப்பெற்றனர். அதற்குமுன் வைத்தியர் கைவிட்டிருந்த நோய் அது.

ஆயின், அவர் கூறிய விளக்கம் பிழையானது. அழற்சியினாற் கண்ணீர்மம் மிகையாகச் சுரக்கிறதென அவர் கருதினார். உண்மையில் தடைப்பட்டது அந்நீர்மத்தின் வெளியேற்றமே. கதிராளி முன்தள்ளப்பட்டு வடிகால் அமைந்த கோணத்தை மூடிவிடுகிறது. அதில் துளையிட, பின்னே தேங்கிய நீர்மம் முன்னே வந்து கோணம் திறக்கிறது. கோணத்தில் ஏற்படும் ஒட்டலை 1876இல் க்னீஸ் எடுத்துக்காட்டினார். எனினும், வலியின்றிப் பல்லாண்டாக மெல்லப் பார்வையைக் குறைக்கும் வகைக்கும் அதே சிகிச்சையே செய்யப்பட்டது. பயன் அரிதாகவே கிட்டியது. ஏனெனில் அங்கே கோணம் திறந்தேயுள்ளது. வடிகாலே நீர்மத்தை எளிதில் விடுவதில்லை. சென்னை அரசினர் கண் வைத்தியசாலையிற் கடமையாற்றிய எலியட், 1909இல் கண்ணின் வெளிச்சுவரில் நுண்துளையிட்டுப் புதிய வடிகால் அமைக்கலானார். அம்முறை எக்கோணத்தையும் நம்பியிருக்கவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

1938இல் சான் பிரான்சிஸ்கோ வைத்தியர் ஒற்றோ பாக்கன், உயிருள்ள கண்ணின் கோணத்தை வில்லையொன்றின் துணையோடு நேரே நோக்கி, இவ்விரு வகைகளையும் பிரித்துக்காட்டினார். இன்று மூடிய கோணத்துக்கு லேசர்க் கதிராற் கதிராளியில் துளையிடுகின்றனர். திறந்த கோணத்துக்குச் சொட்டு மருந்து, லேசர் அல்லது புதுவடிகால்.

அழுத்தம் இயல்பளவில் உள்ள கண்களிலும் நரம்பு சிதைவதுண்டு. 1998இல் வெளியான ஆய்வொன்று, அத்தகைய கண்களிலும் அழுத்தத்தை 30 வீதமளவிற் குறைத்தாற் சிதைவின் வேகம் குறைவதைக் காட்டிற்று. மீண்டும் சிகிச்சையே முந்தி நிற்கிறது. அந்த நரம்பு ஏன் இயல்பான அழுத்தத்தையும் தாங்கவில்லை என்பதற்கு முழுமையான விடை இன்னும் கிட்டவில்லை.