விஸ்டாவின் மேல் விழுந்த பழி

2007 ஜனவரி 30 அன்று விண்டோஸ் விஸ்டா கடைகளுக்கு வந்தது. முந்தைய விண்டோஸ் எக்ஸ்பியில் ஒழுங்காக ஓடிய பல கணினிகள் விஸ்டாவுக்கு மாறியதும் அடிக்கடி உறைந்து நின்றன. பழி முழுவதும் புது இயங்குதளத்தின் தலையில் விழுந்தது. அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர்கள் செயல்படும் முறையையே விஸ்டா மாற்றியிருந்தது; புது முறைக்கான டிரைவர்கள் அப்போது தேறியிருக்கவில்லை. கிராஃபிக்ஸ் சிப் இரண்டு விநாடி பதில் சொல்லாவிட்டால் அதை மட்டும் மீட்டுத் தொடரும் ஏற்பாடும் அதில் உண்டு: திரை ஒரு கணம் கறுக்கும், டிரைவர் மீண்டதாக மூலையில் ஓர் அறிவிப்பு தலைகாட்டும். உறைவதைத் தடுக்க வந்ததற்கே உறைய வைத்த கெட்ட பெயர்! பிறகு ஒரு வழக்கில் வெளியான மைக்ரோசாஃப்ட் உள் ஆவணங்களின்படி, 2007இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் 28.8 சதவீதத்துக்குக் காரணம் கிராஃபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியாவின் டிரைவர்கள். மைக்ரோசாஃப்டின் சொந்த நிரல்களின் பங்கு 17.9 சதவீதம்.

அதிகம் விற்ற சிப்பின் பெயர் அதிகம் அடிபடுவது இயல்புதானே என்று கேட்கலாம். நியாயம்தான், அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. வலுவான சான்று 2009இல் வந்த விண்டோஸ் 7. ஏறக்குறைய அதே டிரைவர் அடித்தளம்தான், ஆனால் அதற்குள் டிரைவர்கள் தேறிவிட்டிருந்தன. நற்பெயர் தானாக வந்தது. அப்படியானால் மைக்ரோசாஃப்டுக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. புது டிரைவர் முறையை ஏற்கவே முடியாத இன்டெல் 915 சிப் கணினிகளிலும் விஸ்டாவுக்குத் தகுதியானது என்று சொல்லும் ‘விஸ்டா கேப்பபிள்’ ஸ்டிக்கர் ஒட்ட அனுமதித்தது அந்த நிறுவனம்தான்.