இசைத்தட்டுக்கு அடியில் ஒரு விரிப்பு

கிராமஃபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். ஈராண்டு கழித்து, 1904–05இல், அதே நிறுவனத்தின் இரண்டாம் குழு தில்லிக்கும் சென்னைக்கும் வந்து பதிவுகளை எடுத்தது. பாடியவர், பதிந்தவர், விற்றவர் என்னும் மூவரை மையமாக வைத்து இவ்வரலாறு பலமுறை எழுதப்பட்டுள்ளது. இசைத்தட்டு சுழன்றபோது அதற்கு அடியில் கிடந்த விரிப்பைப் பற்றிய பேச்சு அரிது. ஆயினும், கேட்டவர் காதை எட்டிய சுருதி பாடியவருடைய சுருதிதானா என்பதைத் தீர்மானித்தவற்றுள் அவ்விரிப்பும் ஒன்று.

சாவி கொடுத்து இயக்கும் பழைய கிராமஃபோன்களில் உலோகச் சுழல்தட்டின் மீது பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் ஃபெல்ட் ஒட்டப்பட்டிருக்கும். ஃபெல்ட் நெய்த துணியன்று. ஈரமும் வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஆட்டுமயிரை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளச் செய்த தடித்த படலம். காஷ்மீரிகள் செய்யும் நம்தா என்னும் தரைவிரிப்பும் இதே முறையில் பிறப்பதே. நெசவின் மேடுபள்ளம் இல்லாததால் ஃபெல்ட் இசைத்தட்டைக் கீறாது. மயிர்முனைகள் நிமிர்ந்து நிற்பதால் வழுக்கவும் விடாது. பெர்லினரின் தொடக்கக் கருவிகள் சிலவற்றில் இசைத்தட்டை நடு அச்சில் திருகு வைத்து இறுக்க வேண்டியிருந்தது. பின்னாளில் அத்திருகு மறைந்தது. பிடிமானம் முழுவதும் விரிப்பின் பொறுப்பாயிற்று.

அத்தனை பிடிமானம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை அரக்கில் இருக்கிறது. பாண்டவரை எரிக்கக் கட்டிய மாளிகையின் கதையால் தமிழர் அறிந்த அதே அரக்குதான் 78 சுற்று இசைத்தட்டின் பிணைப்புப் பொருள். சோட்டா நாக்பூர்க் காடுகளில் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரந்த அரக்கோடு கற்பொடியும் கரியும் பஞ்சிழையும் கலந்து அச்சில் அழுத்தினர். இந்தியாவில் முதல் அழுத்தும் ஆலை 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொடங்கியது. 1928இல் டம்டம் ஆலை எழுந்தது. கலவையில் கற்பொடி சேர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. எஃகு முள் முதல் சில சுற்றுகளிலேயே தேய்ந்து, பள்ளத்தின் வடிவத்துக்குத் தன்னைப் பொருத்திக்கொள்ள வேண்டும். அதாவது அக்கால இசைத்தட்டு ஒரு சாணைக்கல். அதன் மீது நூறு கிராமுக்கும் அதிகமான எடையோடு ஒலிப்பெட்டி அமர்ந்திருந்தது. சுழலும் தட்டை முள் ஓயாமல் பின்னுக்கு இழுத்தது. விரிப்பு அதை முன்னுக்குக் கொண்டுசென்றது.

பத்து அங்குல இசைத்தட்டின் வெளிவிளிம்பில் பள்ளம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உள்விளிம்பில் அவ்வேகம் நாற்பது சென்டிமீட்டர் அளவுக்குக் குறைகிறது. கதவின் ஓரத்தைத் தள்ளினால் எளிதில் திறப்பதும், கீலருகே தள்ளினால் திறக்க மறுப்பதும் போல, வெளிவிளிம்பில் முள் இழுக்கும் இழுப்பே தட்டை நிறுத்தும் ஆற்றல் மிக்கது. சமமான இசைத்தட்டு நல்ல ஃபெல்ட்டின் மீது இருக்கும்போது இந்த இழுப்பால் தீங்கில்லை; தட்டின் பரப்பு முழுவதும் விரிப்பைத் தொடுவதால் பிடி போதுமானதாகிறது. தட்டு வளைந்ததும் கணக்கு மாறிவிடுகிறது.

தில்லியின் பருவம் இங்கேதான் வரலாற்றுக்குள் நுழைகிறது. மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 பாகையைத் தொடும் நகரம் அது. வெப்பத்தில் அரக்கு இளகும்; சாய்த்து வைத்த தட்டு தன் எடையாலேயே வளையும். வளைந்த தட்டு கிண்ணம் போலக் குழிந்து அமர்ந்தால், நடுவிலுள்ள பெயர்ச்சீட்டின் பகுதி மட்டுமே விரிப்பைத் தொடும். பிடி அச்சுக்கருகில், இழுப்பு விளிம்பில். பாட்டின் தொடக்கத்தில் தட்டு வழுக்கும்; முள் உள்நோக்கி நகர நகரப் பிடி வலுக்கும். எனவே தொடக்கத்தில் சுருதி தாழ்ந்து ஒலித்துப் பிறகு மெல்ல மெல்ல ஏறும். பல்லாண்டு தேய்ந்து மயிர் உதிர்ந்து வழவழத்த ஃபெல்ட்டும் இதே கேட்டைச் செய்யும்.

இக்கேடு எவ்வளவு பெரியது? நிமிடத்துக்கு 78 சுற்றில் சுழல வேண்டிய தட்டு 73.6 சுற்றாகக் குறைந்தால், சுருதி முழுதாக ஓர் அரைச்சுரம் இறங்கிவிடும். ஷட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள இடைவெளி அது. பாடகர் எந்தச் சுருதியில் பாடினார், வயதாக ஆகக் குரல் இறங்கியதா என்றெல்லாம் பழைய தட்டுகளைக் கொண்டு முடிவு கட்டுவோர், ஒரு கம்பளித் துண்டின் நிலையையும் சேர்த்தே அளந்துகொண்டிருக்கிறார்கள். அக்காலத்தில் எல்லா நிறுவனங்களும் சரியாக 78 சுற்றிலேயே பதியவும் இல்லை. பதிவு வேகத்தின் பிழை தட்டு முழுவதற்கும் பொதுவானது. ஒரே விகிதத்தில் திருத்திவிடலாம். வழுக்கலின் பிழையோ நொடிக்கு நொடி மாறுவது.

இசைக்கு வெளியே, மொழியாய்வுக்கும் இதில் பங்குண்டு. ஜார்ஜ் கிரியர்சன் நடத்திய இந்திய மொழியியல் அளவாய்வு அச்சுத் தொகுதிகளோடு நிற்கவில்லை. 1913 முதல் 1929 வரையிலான காலத்தில் ஏறத்தாழ நூறு மொழிகளும் கிளைமொழிகளும் அரசின் ஏற்பாட்டில் இசைத்தட்டுகளில் பதியப்பட்டன. ஊதாரி மைந்தன் உவமைக் கதையை அந்தந்த மொழியினர் தம் பேச்சில் சொன்னார்கள். எழுத்துவழி அளவாய்வுக்கு வெளியே நின்ற சென்னை மாகாணத்தின் மொழிகளும் தட்டில் இடம்பெற்றன. நூறாண்டுக்கு முந்தைய பேச்சின் ஏற்ற இறக்கத்தை நேரடியாகக் கேட்க இன்று இருக்கும் வழிகள் மிகச் சில. ஒலியலை ஆய்வில் குரலின் சுருதி மட்டுமன்று, உயிரொலிகளை வேறுபடுத்தும் அதிர்வெண்களும் வேகத்தோடு சேர்ந்தே நகரும். சுர வேறுபாட்டால் சொற்பொருளே மாறும் பஞ்சாபி போன்ற மொழியை இத்தகைய தட்டிலிருந்து அளக்கும் ஒருவருக்கு, வேகம் உறுதியாக இருந்தது என்னும் நம்பிக்கையே முதற்சான்று.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டை வெளியிட்டபோது விரிப்பின் தொழில் மாறியது. கற்பொடி போயிற்று, முள்ளின் எடை காலப்போக்கில் இரண்டு மூன்று கிராமாகக் குறைந்தது. இழுப்பு ஏறக்குறைய இல்லாமற்போனதால், விரிப்பு தட்டைப் பிடித்துவைக்கும் வேலையிலிருந்து அதிர்வைத் தணிக்கும் வேலைக்கு மாறியது. ரப்பர் விரிப்புகள் பரவின. இந்தியாவிலோ அரக்குத் தட்டுகள் 1960களின் இறுதி வரை வந்துகொண்டிருந்தன. ஆகவே ஃபெல்ட்டும் ரப்பரும் ஒரே வீட்டில், ஒரே தலைமுறையில் அடுத்தடுத்துப் புழங்கின.

அடுத்த திருப்பம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நிகழ்ந்தது. 1970களில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், சுழல்தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இசைத்தட்டைக் கையால் நிறுத்தவும் பின்னுக்கு இழுக்கவும் விரும்பினார். ரப்பர் விரிப்பு அதற்கு இடந்தரவில்லை. ஃபெல்ட்டை வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு விறைப்பாக்கித் தட்டுக்கடியில் வைத்தார், இசைத்தட்டு வழுக்கியது. எழுபதாண்டுக்கு முன் வழுக்காமலிருக்க விரித்த அதே பொருள், இப்போது வழுக்குவதற்காக விரிக்கப்பட்டது. இன்று கடைகளில் கிடைக்கும் ஃபெல்ட் விரிப்புகளில் பல இந்த இரண்டாம் மரபில் வந்தவை. தோற்றத்தில் முதல் மரபை ஒத்திருப்பதால் மயக்கம் எழுகிறது.

இம்மயக்கத்துக்குத் தில்லியில் இடம் அதிகம். தேசப் பிரிவினையின்போது லாகூரிலிருந்து வந்து சாந்தினி சௌக்கில் நிலைத்த நியூ கிராமஃபோன் ஹவுஸ் போன்ற கடைகளால், அரக்குத் தட்டும் வினைல் தட்டும் சாவி கிராமஃபோனும் அருகருகே விலைபோகும் நகரம் அது. வாங்குவோர் விரிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று செய்திகள் முடிவைத் தருகின்றன.

முதலாவது, முள்ளின் எடை. சாவி கிராமஃபோனுக்கு மயிர் நிமிர்ந்த தடித்த கம்பளி ஃபெல்ட்தான் பொருந்தும். வழுக்குவதற்கென்று செய்த விரிப்பை அதில் இடலாகாது. வினைல் தட்டையும் அதில் ஓட்டலாகாது, பள்ளம் ஒரே நாளில் சிதையும். மின்கருவியில் எடை குறைந்த முள்ளுக்கு எந்த விரிப்பிலும் வழுக்கல் அச்சமில்லை.

இரண்டாவது, பருவம். கோடையின் வறண்ட காற்றில் வினைல் மின்னூட்டம் கொள்ளும்; தட்டைத் தூக்கினால் ஃபெல்ட் விரிப்பும் ஒட்டிக்கொண்டு எழும், ஆந்தி என்னும் புழுதிக்காற்று கொணர்ந்த தூசு முழுவதும் பள்ளத்தில் படியும். அம்மாதங்களுக்குத் தக்கையோ ரப்பரோ நல்லது. மழைக்காலத்தில் கம்பளி ஈரமேற்கும். உலர்த்திப் பூஞ்சை பார்க்க வேண்டும். அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த திரவத்தால் துடைக்கக் கூடாது, அரக்கு அதில் கரையும்.

மூன்றாவது, வடிவமும் உயரமும். 1955 முதல் பல வினைல் தட்டுகள் விளிம்பிலும் நடுவிலும் சற்றே தடித்து வருகின்றன. நடுவில் குழிவுள்ள விரிப்பு அவற்றைச் சமமாகத் தாங்கும். விரிப்பின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூடினால் முள்ளின் சாய்வு ஏறத்தாழ கால் பாகை மாறும். கையின் உயரத்தை அதற்கேற்பத் திருத்துவது முறை.

வழுக்கல் உண்டா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள இந்தியாவில் 77 கோடுகள் கொண்ட வட்ட அட்டையைப் பழைய குண்டு பல்பின் வெளிச்சத்தில் சுழலவிட்டால், வேகம் 78 சுற்றாக இருக்கும்போது கோடுகள் அசையாது நிற்பதுபோல் தெரியும். எல்ஈடி விளக்குகள் பலவற்றில் இது தெரியாது. பெரும்பாலோர் அட்டையைச் சுழல்தட்டின் மேல் வைத்துவிட்டு நிறைவடைகின்றனர். அது சுழல்தட்டின் வேகத்தைச் சொல்லும்; இசைத்தட்டின் வேகத்தைச் சொல்லாது. அட்டையை இசைத்தட்டின் நடுவில் வைத்து, முள்ளை வெளிவிளிம்பில் இறக்கிப் பார்க்க வேண்டும். கோடுகள் பின்னோக்கி நகர்ந்தால் முதலில் பழுது மோட்டாரிலா விரிப்பிலா என்று பிரித்தறிய, சுழல்தட்டின் விளிம்பில் சுண்ணக்கட்டியால் ஒரு குறியும் இசைத்தட்டின் பெயர்ச்சீட்டில் ஒரு காகிதத் துணுக்கும் நேருக்கு நேராக வைத்தால் போதும். இரண்டும் விலகினால் வழுக்குகிறது.

இதைச் செய்ய இன்று ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. தாத்தாவின் கிராமஃபோனை மீண்டும் ஓடவிட்டு, அரிய தட்டொன்றைக் கைபேசியில் பதிந்து இணையத்தில் ஏற்றுவோர் பெருகிவருகின்றனர். அரக்கு உடையும் பொருள். பல தட்டுகளுக்கு வேறு படி இராது. தட்டு உடைந்தபின் எஞ்சுவது அந்தக் கைபேசிப் பதிவே. தேய்ந்த கம்பளியால் அரைச்சுரம் இறங்கிய குரல், அதன்பின் அந்தப் பாடகரின் குரலாகவே வரலாற்றில் நிலைபெறும். தட்டு இருக்கும்வரை பிழையைத் திருத்தலாம். அதற்கான செலவு, ஒரு முழம் ஃபெல்ட்டும் ஒரு மாலைப்பொழுதும்.