எறும்பு காட்டிய இனிப்பும் நானோ அளவும்

1921ஆம் ஆண்டு செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் பாரதியார் மறைந்தார். அவ்வாண்டின் கோடையில்தான் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டறியும் சோதனைகளில் ஈடுபட்டிருந்தனர். (பாரதிக்கு நீரிழிவு இருந்ததென்று யாரும் கருதிவிட வேண்டாம், ஆண்டுப் பொருத்தம் மட்டுமே.)

அதற்கு முன்னர், சிறுநீரில் இனிப்பு உண்டென்று அறிவது நோய்க்குப் பெயர் சூட்டவே பயன்பட்டது. எறும்பு மொய்ப்பதை நம் பண்டை மருத்துவ நூல்கள் குறித்துள்ளன. 'நீரிழிவு' நோயாளி உணர்ந்ததைச் சொல்லும் சொல். 'சர்க்கரை நோய்' சோதித்தவர் கண்டதைச் சொல்வது. இன்சுலின் வந்தபின் நிலைமை மாறிற்று. மருந்து மிகினும் ஆபத்து, குறையினும் ஆபத்து. ஆகவே அளவிடுதல் அன்றாடத் தேவையாயிற்று.

சென்னையில் மருத்துவர் எம். விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையே எழுப்பினார். அக்காலத்துச் சோதனை பெனடிக்ட் கரைசல்தான். சிறுநீர் சேர்த்துக் காய்ச்சினால் நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், சர்க்கரை மிகுந்தால் செங்கல் நிறமாகும். ஆயினும் அது சில மணி நேரத்துக்கு முந்தைய செய்தி. இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்தாலன்றிச் சிறுநீரில் அது தெரிவதுமில்லை.

1962இல் கிளார்க், லயன்ஸ் இருவரும் நொதியையும் மின்முனையையும் இணைக்கும் வழியைக் கூறினர். இன்றைய குளுக்கோமீட்டரின் மூதாதை அதுவே. ஓர் இடர்ப்பாடு எஞ்சியது. குளுக்கோஸை மாற்றும் நொதியின் செயல்மையம் புரதத்தின் ஆழத்தில் புதைந்துள்ளது. அங்கே பிறக்கும் எலெக்ட்ரான் மின்முனையை எளிதில் எட்டுவதில்லை. 2003இல் ஜெருசலேத்தின் வில்னர் குழுவினர் 1.4 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகளை அந்நொதியோடு பிணைத்து, கம்பிபோல் பயன்படுத்திக் காட்டினர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் ஒரு கூறே நானோமீட்டர்! கரிமக் குழாய்களைக் கொண்டும் இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன.

கையில் ஒட்டிக்கொள்ளும் இன்றைய உணரிகளெல்லாம் தங்கத் துகள் கொண்டவை என்று சொல்வதற்கில்லை. எனினும் அவை ஓயாமல் அளக்கின்றன. சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையையும் காட்டுகின்றன. அவற்றுள் பல இரண்டு வாரத்தில் கழற்றி எறிய வேண்டியவை. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிய சந்துகளில், மேன்ஷன் அறையில் தங்கி மெஸ்ஸில் உண்ணும் எளிய ஊழியர் மாதத்துக்கு இரண்டு உணரி வாங்க எங்கே போவார்? நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவுக்காரரின் வீட்டுக்கு மாத்திரை வருகிறது, உணரி அன்று.