ஒரு துளி இரத்தமும் பயிற்றப்பட்ட கண்களும்



வன்னியிலோ மன்னாரிலோ மட்டக்களப்பிலோ வாழ்ந்த எம்மவர்களுக்கு மலேரியாவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் விட்டு விட்டு வரும். வைத்தியசாலைக்குப் போனால் விரல் நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுப்பார்கள். அந்தத் தகடு பிறகு எங்கே போனது, யார் அதைப் பார்த்தார்கள் என்பதை நாங்கள் பெரும்பாலும் யோசித்ததில்லை. இந்த மாத உரை அவர்களைப் பற்றியது.

இலங்கையின் மலேரியா எதிர்ப்பு இயக்கம் 1911இல் குருநாகலில் தொடங்கியது. ஓர் ஊரில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிய, பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது அக்காலத்தில் ஒரு முக்கிய வழியாக இருந்தது. 1934-35இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றின. ஆற்றுப் படுக்கைகளில் தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியது. அந்தக் கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் மாண்டனர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வீடு வீடாக டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டது. நோய் வேகமாகக் குறைந்தது. 1963இல் முழு நாட்டிலும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். வெற்றி கிடைத்துவிட்டது என்றே எல்லோரும் எண்ணினர். மருந்து தெளிப்பது நிறுத்தப்பட்டது. காய்ச்சல்காரரின் இரத்தத்தைத் தவறாமல் சோதிக்கும் வேலையும் தளர்ந்தது. இரத்தினக்கல் அகழும் இடங்களிலும் சேனைப் பயிர் நிலங்களிலும் நோய் சத்தமில்லாமல் மீண்டும் தலைதூக்கியது. 1969ஆம் ஆண்டில் மட்டும் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். தேடுவதை விட்டால் நோய் திரும்பும் என்பது அப்போது கிடைத்த பாடம்.

தேடுவது என்பது இலேசான வேலையல்ல. இரத்தத் துளியைத் தகட்டில் தடித்த பூச்சாகவும் மெல்லிய பூச்சாகவும் இடவேண்டும். கியெம்சா என்ற சாயம் ஏற்றவேண்டும். பிறகு நுணுக்குக்காட்டியில் ஆயிரம் மடங்கு பெருப்பித்துப் பார்க்கவேண்டும். தடித்த பூச்சில் கிருமி இருக்கிறதா என்று தெரியும். மெல்லிய பூச்சில் அது எந்த இனம் என்று தெரியும். ஆளைக் கொல்லக்கூடிய பல்சிபாரமா, ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்பும் விவாக்சா என்பதைப் பொறுத்து மருந்து மாறும். குறைந்தது 100 பார்வைப் புலங்களைப் பார்க்காமல் 'கிருமி இல்லை' என்று எழுதக்கூடாது. கண் களைத்தாலும் சாயம் பழுதானாலும் நோயாளி கைவிடப்படுவார்.

யுத்த காலத்தில் வடக்கும் கிழக்கும் இந்த நோயின் பெருஞ்சுமையைச் சுமந்தன. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களுக்கு அது நன்றாகத் தெரியும். 1999இலும் நாடு முழுவதும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர் இருந்தனர். அதன் பின்னர் மருந்திட்ட நுளம்பு வலைகளும், நோயாளி வரும்வரை காத்திராமல் ஊர்களுக்கே சென்று இரத்தம் சோதித்த நடமாடும் குழுக்களும் நிலைமையை மாற்றின. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது.

இங்கேதான் பயிற்சியின் உண்மையான சோதனை தொடங்கியது. நோயே இல்லாத நாட்டில் ஒரு தொழில்நுட்பவியலாளர் மாதக்கணக்கில் கிருமியைக் காணாமலே தகடு பார்க்க நேரிடலாம். பாராத கண் மறந்துவிடும். அதனால் பழைய தகடுகளைச் சேமித்து வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் மறுபடி பார்த்துச் சரிபிழை சொல்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து நாள் தேர்ச்சிச் சோதனை ஆட்களை நான்கு தரமாகப் பிரிக்கிறது. முதல் தரம் பெற, கிருமி உண்டா இல்லையா என்பதிலும் இனத்தைச் சொல்வதிலும் நூற்றுக்கு 90 சரியாக இருக்கவேண்டும்.

இது வீண் வேலையா? 2012இல், கனடாவை நோக்கிப் புறப்பட்டு மேற்கு ஆபிரிக்க நாடுகளில் சிக்குண்ட இலங்கையர் பலர் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களைப் பரிசோதித்தபோது பலரின் இரத்தத்தில் மலேரியா இருந்தது. 2018இல் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர்க்காரர் ஒருவருக்கு நோய் தொற்றியது. இரண்டு தடவையும் கண்டுபிடித்து, பரவாமல் தடுத்தார்கள். 1960களில் செய்யத் தவறியதை இம்முறை செய்தார்கள்.

எமக்கும் இதில் பங்குண்டு. மொன்றியல் ஆய்வுகூடங்களிலும் மலேரியா அரிதாகவே வரும். அதைத் தப்பவிடாத கண் இங்கேயும் தேவை. டோசன் போன்ற சீஜெப் கல்லூரிகளில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் 3 வருடப் படிப்பு. டொக்டர், இஞ்சினியர் என்று மட்டும் கனவு காணும் பெற்றோர் இந்தத் தொழிலையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். படித்து முடித்த பிறகும் படித்துக்கொண்டே இருக்கவேண்டிய தொழில் இது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்து காய்ச்சல் வந்தால், அது தடிமன் காய்ச்சல்தானே என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே வைத்தியரிடம் போய், எங்கே போய் வந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அந்தத் தகடு நுணுக்குக்காட்டிக்குப் போகும்.